வர்ணம்தான் பாக்கி

6-2-49, ஞாயிறு

காலையில் மாம்பலம் போய் வந்தேன். பஞ்சாட்சரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் போய் நின்றும் அவனுக்கு ஆள் தெரியவில்லை. தொண்டையைச் செருமினேன். "ஹபீபு, நீயா?" என்றான். போன தீபாவளிக்குக்கூட நான் தெருமுனையில் திரும்பும்போதே என் குடையை அடையாளம் கண்டவன். சின்ன வயதில் அம்மை போட்டு ஒரு கண் போயிற்று. மிச்சமிருக்கிற ஒன்றில் இப்போது புரை. ரயில் தபாலில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற உத்தியோகம் அவனுக்கு. விலாசம் படிக்க முடியாதவனை எத்தனை நாள் லீவில் விட்டு வைப்பார்கள்?

அவன் மனைவி சொர்ணம் காப்பி கொடுத்தாள். வழக்கம்போல அவன் கேட்டான், எஞ்சின் எந்த மட்டில் இருக்கிறது என்று. வழக்கம்போல நானும் சொன்னேன்: முடிந்த மாதிரிதான், வர்ணம்தான் பாக்கி.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடியபோது கட்டிப் பரணில் போட்ட பெட்டி. இன்றுவரை கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை.

9-2-49, புதன்

பெட்டியை இறக்கினேன். என்ன விசேஷம் என்று ஹாஜிரா கேட்டாள். தூசி தட்ட என்றேன். பெண்டாட்டியிடமும் பொய்.

முப்பத்தெட்டில் நானும் பஞ்சுவும் சேர்ந்து சீமையிலிருந்து தபாலில் வரவழைத்தது. பித்தளைத் தகடுகள், வார்ப்புத் துண்டுகள், சக்கரங்கள், சாவி கொடுத்தால் சுழல்கிற வில், மடித்து வைத்த பெரிய வரைபடம். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு ரயில் எஞ்சின். கூடவே அது ஓடத் தண்டவாளத்துக்கான பித்தளைக் கம்பிகள். எஞ்சின் என் பங்கு, பாதை அவன் பங்கு என்று பிரித்துக்கொண்டோம். "நீ டிராயிங் மாஸ்டரு, உனக்குத்தான் நல்ல கை" என்று சொன்னவன் அவன்தான்.

அவன் பங்கு யுத்தம் முடியும் முன்பே முடிந்துவிட்டது. பின்கட்டு அறையில் பலகை போட்டு, டீப்பெட்டி மரத்தில் குறுக்குக் கட்டைகள் சீவி, ஒரு சுற்றுப் பாதையும் அதிலிருந்து ஷெட்டுக்குப் பிரியும் கிளைப்பாதையும் அமைத்துவிட்டான். கிளை பிரிகிற பாயிண்ட்ஸ் ஒன்றை மட்டுமே அரம் வைத்து ஒரு வருஷம் ராவியிருப்பான். அதன்மேல் இதுவரை ஒன்றும் ஓடியதில்லை. சொர்ணம் வாரம் தவறாமல் தூசி துடைக்கிறாள்.

என் பங்கு இதோ. அடிச்சட்டத்தை மட்டும் சேர்த்திருக்கிறேன். அதற்குமேல் கொதிகலன் வர வேண்டும். தகட்டை உருட்டிக் குழாயாக்க வேண்டும். உருட்டும்போது ஒரு பக்கம் நசுங்கிப்போயிற்று. யுத்தம் வந்தது, ஊரை விட்டுப் போனோம், பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் — எல்லாம் பஞ்சுவுக்கு நான் சொன்ன காரணங்கள். இந்த நசுங்கல் யுத்தத்துக்கு முந்தியது. நல்ல கை என்று பெயர் வாங்கியவனுக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

20-2-49, ஞாயிறு

குமுட்டி அடுப்பில் பற்றிரும்பைக் காய்ச்சித் தகட்டை ஈயத்தால் பற்றுவைத்துப் பார்த்தேன். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. விரல் சுட்டதுதான் மிச்சம். "இன்னாங்க, சோறு வடிக்கட்டுமா, ரயிலு வடிக்கட்டுமா?" என்று ஹாஜிரா கரண்டியோடு வந்து நின்றாள். அடுப்பைக் கொடுத்துவிட்டேன். மீண்டும் பெட்டி, மீண்டும் பரண்.

3-3-49, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வீட்டில் சொர்ணம். பஞ்சு அனுப்பி வரவில்லை, தானாகவே மயிலாப்பூர் வரை வந்திருக்கிறாள். கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இருபத்தோராம் தேதி கொடுத்திருக்கிறார்களாம். டாக்டர் நம்பிக்கையாகத்தான் பேசினாராம். ஆனாலும் இருப்பது ஒரே கண், உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டாராம்.

"கத்தி வெக்கிறதுக்குள்ள அந்த ரயில ஒரு தபா பாத்துடணுங்கிறாருண்ணே. உருவமாச்சும் இப்ப தெரியுது. அப்பறம் எப்டியோ."

அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. எதைக் கொண்டுபோகப் போகிறேன்? இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

5-3-49, சனி

மூர் மார்க்கெட் போனேன். பழைய சாமான் கடையில் ஒரு தகர எஞ்சின், ஜெர்மனியில் செய்த பொம்மை. நம் பாதையின் அகலத்துக்குச் சரியாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்த எழுத்துகளைச் சுரண்டினேன். தகரம் மடிந்த இடங்களை அரக்கு வைத்து நிரப்பித் தேய்த்தேன். கறுப்பு வர்ணம் இரண்டு பூச்சு, மொட்டைமாடி வெயிலில் காய வைத்தேன்.

ஒரு வேலையை இத்தனை கவனமாக நான் செய்து எவ்வளவு காலமாயிற்று! வர்ணம்தான் பாக்கி என்றேனே, அது மட்டும் உண்மையாகிவிட்டது.

6-3-49, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேரே பிடித்தான். "மழமழன்னு கீதுடா. பத்து வெச்ச எடமே தெரியல" என்றான். பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னான். தன் சிநேகிதன் வெறும் தகட்டிலிருந்து செய்தது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். நான் கை கட்டிக்கொண்டு நின்றேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

சாவி கொடுத்து விட்டான். ஓடியது. கிளை பிரிகிற இடத்தில் துள்ளிக் கவிழ்ந்தது. எடுத்து வைத்தான், மறுபடி அங்கேயே கவிழ்ந்தது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சக்கரத்தின் விளிம்பு நுழைந்து போக ஒரு நூல் இடைவெளி உண்டு. வரைபடத்தில் உள்ள சக்கரத்துக்கு என்று அளந்து பஞ்சு அதை ராவியிருக்கிறான். பொம்மையின் சக்கரத்துக்கு விளிம்பு தடி. அது நுழையாமல் ஏறி விழுகிறது. தப்பு எஞ்சினில்.

"உன் தப்பு இல்லடா. நீ படத்தப் பாத்துதான் செஞ்சிருப்ப. நான்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டேன்" என்றான் பஞ்சு.

கவிழ்ந்த எஞ்சினை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

7-3-49

எட்டாம் வகுப்புக்கு இன்று நேர்கோடு. பிரம்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனேன்; கோணலாகப் போட்டவனை அடிக்க நான் யார்?

13-3-49, ஞாயிறு

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நான் போனபோது பஞ்சு பலகைமேல் குனிந்து உட்கார்ந்திருந்தான், கையில் அரம். முகம் கம்பிக்கு அத்தனை பக்கத்தில். கண்ணால் அல்ல, கட்டைவிரல் நகத்தால் பார்த்துப் பார்த்து ராவுகிறான். வாரம் பூராவும் இதே வேலையாம். விரல் நுனிகள் கிழிந்திருக்கின்றன என்று சொர்ணம் என்னிடம் முறையிட்டாள்; நீங்களாவது சொல்லுங்கள் என்றாள்.

அவன் ஒரு வருஷம் உழைத்த பாயிண்ட்ஸ் அது. அதன் இடைவெளியை அகலமாக்கிக்கொண்டிருந்தான். ஆழமாக்கிக்கொண்டிருந்தான். என் பொம்மைக்காக.

"இத்தினி வருசமா சரியா கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. கண்ணு அப்பவே மோசம் போல" என்று சிரித்தான். பிறகு, பலகை ஆடுகிறது, கொஞ்சம் அமுக்கிப் பிடி என்றான்.

பிடித்துக்கொண்டேன்.

முடிகிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன். பித்தளைத் தூள் என் கைமேல் விழுந்தது. கடைசியில் எஞ்சின் கவிழாமல் ஓடியது. அவன் கை தட்டினான். நானும் தட்டினேன் — சே, என்ன ஜென்மம்டா நீ. தட்டுறியே. அவன் கண்ணு தெரியாதவன், நீ?

21-3-49, திங்கள்

இன்று ஆபரேஷன். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அசையக் கூடாது. தலைமாட்டில் அந்தத் தகர எஞ்சின். நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம், சிநேகிதன் செய்தது என்று.

31-3-49, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். விரல் தெரிகிறது, வெளிச்சம் தெரிகிறது. ரணம் ஆறியதும் கண்ணாடி போட்டால் படிக்கவே செய்யலாம் என்றாராம் டாக்டர். சொர்ணம் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குச் சந்தோஷம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது இதுதான்: பார்த்துவிடுவானே.

சிநேகிதனுக்குக் கண் திரும்பி வருகிறது என்று கேட்டுப் பயந்தவன் இந்தப் பட்டணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3-4-49, ஞாயிறு

பெட்டியை மறுபடி இறக்கினேன். கண்ணாடி வர மே கடைசி ஆகும். அதற்குள் உண்மையான எஞ்சினைச் செய்து, யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்துவிட வேண்டும்.

கொடுத்துவிட்ட எஞ்சினை எதற்கு மறுபடி செய்கிறீர்கள் என்று ஹாஜிரா கேட்டாள். எவ்வளவு நாள்தான் மறைப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பயந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவருக்கு கண்ணு தெரியணும்னு அஞ்சு வேளையும் துவா கேட்டுக்கினு இருந்தேன். நீங்க இன்னா கேட்டீங்க?" என்றாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. குமுட்டியில் கரி போட்டு விசிறிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

17-4-49

நசுங்கிய தகட்டை நிமிர்த்தி மறுபடி உருட்டினேன். மறுபடி நசுங்கிற்று. அதையும் நிமிர்த்தினேன். பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று, இனி சாக்கு ஒன்றும் இல்லை.

24-4-49

தகட்டை எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பற்றுவைத்தால் ஈயம் ஓடாமல் பிடிக்கிறது. அழுக்குத் தகட்டில் ஒட்டாது, இவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா இத்தனை வருஷம் பரணில் போட்டேன்?

15-5-49, ஞாயிறு

முடிந்தது. கொதிகலன் ஒருமாதிரி உருண்டை. பற்றுவைத்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக ஈயம். புகைக்கூண்டு இடது பக்கம் சாய்ந்துவிட்டது. நிமிர்த்தப் போனால் அடியோடு வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வர்ணம் பூசவில்லை. அந்த வார்த்தையே பிடிக்கவில்லை.

22-5-49, ஞாயிறு

பையில் எஞ்சினை மறைத்துக்கொண்டு மாம்பலம் போனேன். சாப்பிட்டுவிட்டுப் பஞ்சு தூங்கினான். சொர்ணம் ரங்கநாதன் தெருவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். பின்கட்டுக்குப் போய், தகர எஞ்சினை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். மெதுவாக விட்டேன். நேர்ப்பாதையில் அழகாகப் போயிற்று. என் கையால் செய்தது, ஓடுகிறது! ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து நின்றேன்.

பாயிண்ட்ஸ் வந்ததும் முன்சக்கரம் இடைவெளிக்குள் இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்தது.

வரைபடத்தின்படி செய்த சக்கரம். வரைபடத்தின்படி இருந்த பாதை. நடுவே அவன் ராவின இடம். நான் பலகையைப் பிடித்துக்கொண்டிருக்க ராவின இடம்.

தகர எஞ்சினைத் திரும்ப அங்கேயே வைத்தேன். என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் எழுந்திருக்கும் முன்பே வந்துவிட்டேன். மாற்றி வைத்துத் தப்பிக்க வழி இல்லை. இனி வாயால் சொல்ல வேண்டியதுதான்.

29-5-49, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கண்ணாடி வந்திருக்கிறது. சோடாபுட்டி அடிபோல் தடிமன். நான் போனதும் என் தலையைப் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டாயே என்றான். எஞ்சினை நான் வந்தபிறகுதான் பார்ப்பது என்று சொல்லிவிட்டானாம், அதனால் பின்கட்டுக்கே போகவில்லையாம். அப்போதாவது நான் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும்.

அவன் எழுந்து நடக்கும்போதே சொல்லிவிட்டேன். பார்த்துக் கண்டுபிடித்தான் என்று ஆகக் கூடாது. மூர் மார்க்கெட், அரக்கு, வர்ணம், பாயிண்ட்ஸ், எல்லாம். பையிலிருந்து என் எஞ்சினை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். அவன் இரண்டையும் பார்க்கவில்லை. கிளை பிரிகிற இடத்தில் குனிந்து, தன் அரம் போட்ட வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதல்முறையாக இப்போதுதான் அதைக் கண்ணால் பார்க்கிறான்.

"கடையில வாங்கினத்த வுடு. என் கைதான் தப்புன்னு நெனச்சேன்டா நான். அத்தப் பாத்துக்கினே நின்னியே" என்றான்.

சொர்ணம் கதவருகில் நின்றாள். பஞ்சு நிமிராமலே, "போய்ட்டு வா" என்றான். எப்போதும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எப்போதும் தெருமுனை வரை கூட வருவான்.

என் எஞ்சினை எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கே விட்டுவிட்டு வர உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

12-6-49

மாம்பலம் போகவில்லை. பாண்டி பஜார் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

26-6-49

பஞ்சு வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்வி. விலாசங்கள் தெரிகின்றனவாம். அல்ஹம்துலில்லாஹ். இந்த முறை பயம் இல்லாமல் சொன்னேன்.

3-7-49, ஞாயிறு

நோன்பு ஆரம்பித்துவிட்டது. வருஷா வருஷம் முதல் ஞாயிற்றுக்கிழமை பஞ்சு கச்சேரி ரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு நோன்புக் கஞ்சி குடித்துவிட்டுப் போவான். பட்டினி கிடக்காமலே கஞ்சி குடிக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பான். ஹாஜிரா அவனுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைத்தாள். வரமாட்டான் என்று சொன்னேன். இருக்கட்டும் என்றாள்.

வரவில்லை.

10-7-49, ஞாயிறு

நோன்பு திறக்கச் சற்று முன்னால் கதவு தட்டிற்று. பஞ்சாட்சரம். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறான். ஹாஜிராவிடம் சௌக்கியம் விசாரித்தான், என்னிடம் இல்லை. பாங்கு சொன்னதும் நாங்கள் நோன்பு திறந்தோம். அவனும் கஞ்சி குடித்தான். குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தவன், "அத்த எடு" என்றான்.

எஞ்சினை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பற்றாகப் பார்த்தான். நான் என் மாணவர்களின் படத்தைப் பார்க்கிறபோது அவர்கள் எப்படி நிற்பார்கள் என்று இன்று தெரிந்தது. கொதிகலனைச் சுற்றிப் பார்த்தான். புகைக்கூண்டில் நின்றான்.

"கோணலா கீது."

ஆமாம் என்றேன்.

"ஒட்டு பூரா திட்டுத் திட்டா கீது."

அதற்கும் ஆமாம் என்றேன்.

"இது நீ செஞ்சதுதான்" என்றான். சிரிக்கவில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எஞ்சினை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். தெருமுனை வரை கூடப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

31-7-49, ஞாயிறு

பெருநாள் கழிந்த முதல் ஞாயிறு. பஞ்சு ஆள் அனுப்பியிருந்தான், போனேன்.

பழைய பாயிண்ட்ஸைப் பெயர்த்து எடுத்துவிட்டான். அந்த இடம் பல் விழுந்த ஈறுபோல் இருந்தது. மிச்சக் கம்பியில் புதிதாக ராவ ஆரம்பித்திருக்கிறான். வரைபடம் சுவரில் குத்தியிருந்தது. பலகை ஆடுகிறது, அமுக்கிப் பிடி என்றான். பிடித்துக்கொண்டேன். பித்தளைத் தூள் கைமேல் விழுந்தது. துடைக்கவில்லை.

சாயங்காலம் சொர்ணம் காப்பியோடு எட்டிப் பார்த்து, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். பஞ்சு கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான்.

"பாதிகூட ஆகலம்மா" என்றேன்.

அவன் குனிந்து மறுபடி ராவத் தொடங்கினான்.